சோத்துக் கைக்கு ரப்பர் மூட்டு

டாக்டர் அந்தப் பொருளை என் உள்ளங்கையில்தான் வைத்தார். ஆபரேஷன் என் நாத்தனாருக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு. ஆனால் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் என்று தெரிந்ததிலிருந்து அந்த மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எதைக் காட்டினாலும் என்னிடமே காட்டினார்கள், எதைச் சொன்னாலும் என்னிடமே சொன்னார்கள். அதனால் பொறுப்பும் தானாக என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெளுத்த நிறத்தில், என் சுண்டு விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டு. நடுவில் தடித்து, இரண்டு பக்கமும் வால் போல மெலிந்திருந்தது. அமுக்கினால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. ஒரு வால் விரல் எலும்புக்குள்ளும் இன்னொரு வால் உள்ளங்கை எலும்புக்குள்ளும் போகும், நடுவில் இருப்பது மூட்டாக வேலை செய்யும் என்றார் டாக்டர். ஒருவகை ரப்பர்தானாம். கெட்டுப்போன மூட்டை வெட்டி எடுத்துவிட்டு இதை வைப்பார்கள். நாலு விரலுக்கு நாலு.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னா டாக்டரு, பாப்பாவோட பால் பாட்டில் நிப்பிள அறுத்துக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் கோபித்துக்கொண்டு ஆபரேஷனே கிடையாது என்று சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். என் இடுப்பில் இருந்த என் பாப்பா அந்தத் துண்டைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்ததில், அக்கா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நர்ஸும் சிரித்தாள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா என் கணவருக்கு மூத்தவள். கவரைப்பேட்டையில் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். முன்பக்க அறையில் அவளுடைய நாஷ்டா கடை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஒவ்வொரு தொழிற்சாலை ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவள் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் வீட்டுக்காரர் வேலை தேடிப் பம்பாய்க்குப் போனவர், திரும்பவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம். கடைதான் அவளுக்கு எல்லாம்.

மூட்டுவாதம் முதலில் காலையில் மட்டும் விரல்களை மடக்க விடாமல் செய்தது. பிறகு நாள் முழுக்க. விரல் ஆரம்பிக்கிற இடத்தில் மூட்டுகள் இலந்தைப் பழம் மாதிரி வீங்கி, நாலு விரலும் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்து நின்றன. நான் கல்யாணமாகி வந்தபோதே கரண்டியை மணிக்கட்டோடு துணியால் கட்டிக்கொண்டுதான் சாம்பார் ஊற்றுவாள். சாப்பிடும்போது கை வாய்க்கு வராது, வாய்தான் தட்டுக்குக் குனிந்து போகும். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

என் கணவர் தொழிற்சாலையில் பிட்டர், மெஷின்களைப் பழுது பார்ப்பவர். ஆபரேஷனைப் பற்றி நான் விளக்கியதும், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "மெஷின்ல புஷ் தேஞ்சிபோச்சின்னா வேற புஷ் போடறோம். அவ்ளோதானே?" என்றார். மெஷினுக்கு வலிக்காது, மெஷின் அழாது என்று நான் சொன்னேன். உங்க அக்காவைவிட மெஷின் கொஞ்சம் குறைவாகப் பேசும் என்றும் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியது.

எந்தக் கைக்கு முதலில் செய்வது என்பதில் டாக்டருக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை. முதலில் இடது கை, அது எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு வலது கை என்றார் டாக்டர். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தயங்கித் தயங்கிச் செய்கிற எதுவுமே எனக்குப் பிடிக்கும். அக்கா வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

"பீச்சாங்கைய நேராக்கி நான் இன்னா பண்ணப் போறேன் டாக்டரு? சோறு துன்றது இதுல. இது சோத்துக் கை."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சரி என்றார். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். வலி போய்விடும், விரல் நேராகும். பழைய பலம் வராது, மாவாட்டக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. ஆபரேஷன் பாதி வேலைதான். மீதிப் பாதி வீட்டில் விரல்களை மடக்கி நீட்டிப் பழக்குவது. அது நடக்காவிட்டால் மூட்டைச் சுற்றிச் சதை இறுகி விரல் கட்டையாகிவிடும். இப்போது ஏதோ கரண்டியைக் கட்டிக்கொண்டாவது சமாளிக்கிறாள், அதுவும் போய்விடும்.

சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். திருவள்ளூர் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அன்று போட்ட கையெழுத்தைப் பார்த்தால் பரிசைத் திரும்பக் கேட்பார்கள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கட்டுப் பிரித்த அன்று நாலு விரலும் நேராக, ஒரு வரிசையில் நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா தன் கையை வேறு யாருடையதோ என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் கீது. யாரு கை இது?" என்றாள்.

அதற்கு மேல் ஒரு சட்டம் மாட்டி அனுப்பினார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை, புறங்கைக்கு மேலே வளைந்த கம்பி, கம்பியிலிருந்து தொங்கும் நாலு ரப்பர் பேண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் விரலை மாட்டிக்கொள்ள ஒரு தோல் வளையம். விரலை ரப்பர் மேலே தூக்கிப் பிடிக்கும். அதை எதிர்த்துக் கீழே மடக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை, பத்துப் பத்து முறை. ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வீணை கற்றுக்கொள்கிறேன் என்று அவரிடம் அக்கா சொல்லிவிட்டாள். மீஞ்சூரில் இறங்கும்போது அவர் நல்லா வரணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

நான் நோட்டுப் போட்டேன். இடது பக்கம் நேரம், வலது பக்கம் எண்ணிக்கை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய் அவள் முன்னால் உட்காருவேன். "வந்துட்டாங்கடா டீச்சரம்மா" என்று அவள் கையை நீட்டுவாள். ஒன்று, இரண்டு என்று மடக்குவாள். மூன்றாவதில் முகம் சுருங்கும். நாலாவதில் "அம்மாடி" என்பாள். அந்த அம்மாடியைக் கேட்டதும் என் உறுதி ஓடிப்போய்விடும். தையல் போட்ட இடம் பிரிந்துவிடுமோ, உள்ளே ரப்பர் நகர்ந்துவிடுமோ, நான் போட்ட கையெழுத்தால் இவளுக்கு இருந்த கையும் போய்விடுமோ. போதும் அக்கா, அடுத்த மணிக்குப் பார்க்கலாம் என்பேன். அவளும் விடமாட்டாள். "இரு, கணக்க முடிச்சிடறேன். அஞ்சி, எட்டு, பத்து." நான் நோட்டில் பத்து என்று எழுதிக்கொள்வேன். பொய்க்கணக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி முதல் நாளே வந்தது. வலது கை சட்டத்துக்குள் இருக்கிறது. இடது கையால் சாப்பிடச் சொன்னால் பட்டினி கிடப்பேன் என்றாள். ஸ்பூனைக் காட்டினேன். அதை வாங்கிப் பாப்பாவிடம் விளையாடக் கொடுத்துவிட்டாள். கடைசியில் நானே ஊட்டினேன். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. அவளுக்கும் நான்தான் ஊட்ட வேண்டும். இரண்டு தட்டு எதற்கு என்று சோற்றைக் குழைய வடித்து, பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் ரசத்தின் தெளிவும் விட்டுப் பிசைந்து, ஒரே தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாய் பாப்பாவுக்கு, ஒரு வாய் அக்காவுக்கு. பாப்பா துப்பும், ஓடும், காக்காவைக் காட்டினால்தான் வாயைத் திறக்கும். அக்கா ஒழுங்காக வாயைத் திறப்பாள். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

கடை மூடிக் கிடந்தது. லேத் மெஷினில் வேலை செய்யும் ஒருவர், அக்கா கடையின் பழைய வாடிக்கைக்காரர், தினமும் காலையில் சைக்கிளை நிறுத்தி ஜன்னல் வழியாக விசாரித்துவிட்டுப் போவார். ஒரு நாள் நான் ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். "இன்னாக்கா, ஒனக்கும் காக்கா காட்டறாங்களா?" என்று கேட்டார். அக்கா வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, காக்கா இப்போதுதான் ஜன்னலில் வந்து நின்றது என்று பதில் சொன்னாள். தெருவில் மற்றவர்கள் என்னை மெச்சினார்கள். நாத்தனாருக்கு இப்படி வாயில் ஊட்டுகிறவள் எங்கே கிடைப்பாள் என்று பக்கத்து வீட்டில் பேசியது எனக்குக் கேட்கும்படியாகவே இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று ஊட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டது பிடித்திருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

நடுவில் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இனி கையை லேசான வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதை அப்படியே நோட்டில் எழுதினேன். வீட்டுக்கு வந்த பிறகு 'லேசான வேலை' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். சாப்பிடுவது லேசான வேலையா? சோறு லேசுதான். ஆனால் பிசைய வேண்டும், உருட்ட வேண்டும், நாலு விரலையும் கட்டை விரலையும் சேர்த்துத் தூக்க வேண்டும். யோசிக்க யோசிக்க, உலகத்திலேயே கடினமான வேலை சோறு தின்பதுதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அடுத்த முறை கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை நானே ஊட்டுவது நல்லது என்று முடிவு செய்தேன். சந்தேகம் வந்தால் செய்யாதே என்பது என் சுபாவம். அக்காவும் வழக்கம் போல வாயைத் திறந்தாள்.

அடுத்த முறை டாக்டர், பள்ளிக்கூடத்துப் பாகைமானி மாதிரி ஒரு தகடு வைத்து ஒவ்வொரு விரலையும் அளந்தார். அளக்க அளக்க அவர் பேச்சு குறைந்தது. இன்னொரு தடவை அளந்தார். விரல்கள் நேராகத்தான் இருந்தன. ஆனால் ஆளைக் கண்டதும் எழுந்து நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராகவே இருந்தன, உட்கார மறுத்தன.

வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "நான்தான் டாக்டர் ஊட்டி விடறேன், மூணு வேளையும்" என்றேன். என் குரலில் இருந்த பெருமை எனக்கே இன்னும் காதில் இருக்கிறது.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க ரொம்ப நல்லவங்கம்மா. அதுதான் இந்தக் கையைக் கெடுக்குது" என்றார்.

அதன் பிறகு அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளிநாட்டுப் புத்தகத்தில் கோப்பையைப் பிடிக்கச் சொல்லி, சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்ப்பார்கள், இங்கே எனக்கு வேறு பரீட்சை வேண்டாம், ரசம் சோற்றைப் பிசைந்து ஒழுகாமல் வாயில் வைத்தால் போதும் என்றார். சதை இன்னும் முழுசாக இறுகவில்லை, சில வாரம் இருக்கிறது, அதற்குள் வளைந்தால் வளைந்தது, இல்லையென்றால் இப்படியேதான். மூன்று வேளையும் இவர்களே சாப்பிட வேண்டும். என் பக்கம் திரும்பி, நீங்கள் உங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், உங்களுக்கு அதுதான் பயிற்சி என்றார்.

திரும்பும்போது ரயிலில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எண்ணூர் தாண்டியது. அக்கா பக்கத்தில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம், "ஆபரேஷன் எனக்குத்தாம்மா. அழுவற வேலைய இவளாண்ட குடுத்துட்டேன்" என்றாள். அந்த அம்மாள் எனக்கு ஒரு மாங்காய்க் கீற்று கொடுத்தாள்.

அது முடிந்ததும் அக்கா தன் சட்டத்தைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள். "அஞ்சிலேருந்து எட்டுக்குத் தாவினது நான்தானே. நீ எழுத மட்டும்தானே எழுதின."

மறுநாள் மத்தியானம் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, நான் எதிரே உட்கார்ந்தேன். கையைக் கட்டினால் அது தானாக அவிழ்ந்து போகிறது என்று தொடைக்குக் கீழே செருகிக்கொண்டேன். சட்டத்தைக் கழற்றிய அவள் கை தட்டுக்குள் இறங்கியது. விரல்கள் சோற்றைத் தள்ளின, அள்ளவில்லை. முதல் வாய் வருவதற்குள் பாதி மடியில். இரண்டாவது வாய் மூக்கில். பாப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தனை நாள் தன்னை மட்டும்தான் சிந்தாதே சிந்தாதே என்று அதட்டினார்கள், இப்போது கூட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. தானும் தட்டில் கையை விட்டு அளைந்தாள். இருவரும் தின்றது கொஞ்சம், பூசிக்கொண்டது நிறைய. குழைந்த சோறுதான் அக்கா விரலுக்கு லேசு என்று, பாப்பாவுக்கு வைப்பதையே தொடர்ந்து வைத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. கைதான் கட்டப்பட்டிருந்தது, வாய் இல்லை. நோட்டை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, நாலு விரலும் சேர்ந்து மடக்க வேண்டும் அக்கா, சுண்டு விரல் பக்கம் சாயக் கூடாது அக்கா, அவசரம் வேண்டாம் அக்கா, ஆனால் நிறுத்தவும் கூடாது அக்கா என்று வாசித்துக்கொண்டே இருப்பேன். மணிக்கணக்குப் பயிற்சியில் இப்போது அம்மாடி வந்தாலும் நான் எழுந்து போவதில்லை. அவளும் ஐந்துக்குப் பிறகு ஆறு சொல்லப் பழகிவிட்டாள். வலித்ததா என்றால் வலித்தது. ராத்திரி ரேடியோவை வைத்துக்கொண்டு பாட்டுக்குத் தகுந்தபடி விரலை மடக்குவாள். மெதுவான பாட்டு வந்தால் ஸ்டேஷனைத் திட்டுவாள்.

இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். ஒரு மத்தியானம். அன்று ரசம் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டேன். தளர்ந்துபோன சோறு, உருட்ட வருமோ வராதோ என்று எனக்குக் கவலை. நான் வழக்கம் போலச் சுண்டு விரலைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அக்கா பிசைந்தாள். நாலு விரலும் மடங்கின. முழுசாக இல்லை, ஆனால் சோற்றைச் சுற்றி மடங்கின. கட்டை விரல் வந்து மேலே அழுத்தியது. தட்டை விட்டு மேலே எழும்பியபோது கையில் ஓர் உருண்டை இருந்தது, ஒரு சொட்டுதான் ஒழுகியது. நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கீழே விழுந்துவிடும் என்று பயம்.

அந்த உருண்டை அவள் வாய்க்குப் போகவில்லை. நேராக வந்து என் வாய்க்குள் போயிற்று.

"கொஞ்ச நேரம் மூடிக்கினு துன்னு. பேஜாரு புடிச்ச நோட்டு" என்றாள்.

நான் மென்றேன். கண்ணீர் வந்தது. ஆனால் மெல்ல மெல்ல வேறு ஒன்றும் தெரியவந்தது. அந்தச் சோற்றில் உப்பில்லை. காரமில்லை. பாப்பாவுக்கென்று உப்பையும் காரத்தையும் குறைத்துப் பிசைந்த சோறு. எனக்கும் என் கணவருக்கும் உப்பும் காரமும் தனியாகப் போட்டுக்கொள்வேன். இந்தத் தட்டில் மிச்சம் விழுந்ததே இல்லை, அதனால் ஒரு நாளும் நான் இதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. முதல் ஷிப்டு முழுவதையும் தன் சாம்பாரால் இழுத்து வைத்திருந்தவள், ஆபரேஷன் நாளிலிருந்து மூன்று வேளையும் இதைத்தான் தின்றிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சோறு இன்னும் வாயில் இருந்ததால் சரியாக வரவில்லை.

"சொன்னா நீ இன்னா பண்ணுவே? நோட்டுல எழுதுவே. உப்பு போடலாமான்னு மெட்ராஸுக்கு ரயில் ஏறுவே. அதுக்கு இதையே துன்னுட்டுப் போலாம்."

உப்பு ஜாடியை எடுத்துவர எழுந்தேன். எடுத்துவந்து நானே போடப் போனேன். அவள் இடது கையால் என் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள். ஜாடியைத் தன் பக்கம் தள்ளச் சொன்னாள். கல்லுப்பு. வலது கை ஜாடிக்குள் போயிற்று. ஒரே ஒரு கல்லை ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் தேடின, நழுவவிட்டன, மறுபடி தேடின, பிடித்தன. மேலே வந்தது. தட்டில் போட்டாள்.

"ஒண்ணு" என்றாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது கல் தரையில் விழுந்தது. அதைக் கணக்கில் சேர்க்காமல் வேறு ஒன்று எடுத்தாள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்றையும் தாண்டவில்லை. பத்து என்று சொல்லிவிட்டு, தட்டைப் பிசைந்து, இரண்டாவது உருண்டையையும் எனக்கே நீட்டினாள்.

கல்லுப்பு பல்லில் நறநறவென்று கடிபட்டது. ஒரு தட்டுச் சோற்றுக்குப் பத்துக் கல் அதிகம். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.